இலவசப் பொருளுக்கும் வண்டி வாடகை உண்டு

ஏரியா வாட்ஸ்அப் குழுவில் பழைய பொருளைச் சும்மா கொடுக்கும்போது பலரும் ஒன்றை மறந்துவிடுகிறோம். எடுக்க வருபவருக்கு அது சும்மா இல்லை. குட்டியானை வாடகை, தூக்க இரண்டு ஆள், அரை நாள் லீவு எல்லாம் அவர் கைக்காசு. வந்தபின் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஓட்டை உடைசலைச் சுமந்து போகிறவர்களும் உண்டு. அதனால் குறையை முதல் பதிவிலேயே சொல்லிவிடுங்கள். 'நல்ல கண்டிஷன்' என்பது போதாது. துருவோ கீறலோ இருக்கும் இடத்தை அருகில் போய் ஒரு படம் எடுங்கள்.

பீரோ என்றால் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து போடுங்கள். எத்தனையாவது மாடி, லிஃப்டுக்குள் நுழையுமா, சாவி இருக்கிறதா என்பதும் வேண்டும். கட்டிலைக் கழற்றினால் போல்ட், நட்டை ஒரு கவரில் போட்டுத் தலைமாட்டுப் பலகையிலேயே டேப் ஒட்டிவிடுங்கள். மெத்தையின் தையல் ஓரங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். மூட்டைப்பூச்சியின் கறுப்புப் புள்ளி தெரிந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அதிகம் கெடுவது ஃப்ரிட்ஜ்தான். முந்தின இரவே அணைத்துப் பனியை உருகவிட்டு, தட்டுகளைத் தனியே எடுத்துக் கட்டுங்கள். வண்டியில் நிமிர்ந்தபடிதான் போகவேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள் இறங்கிவிடும். உடனே ஸ்விட்ச் போட்டால் கம்ப்ரசர் போய்விடும். வேறு வழியில்லாமல் படுக்கவைத்திருந்தால், நிமிர்த்தி ஒரு நாள் நிற்கவிட்ட பிறகே போடச் சொல்லுங்கள்.

கேஸ் அடுப்போடு ரெகுலேட்டரைக் கொடுக்காதீர்கள். சிலிண்டரைப் போலவே அதுவும் டெபாசிட் கட்டி உங்கள் இணைப்பில் வாங்கியது. பழைய டியூபையும் கொடுக்கவேண்டாம்.

ஆண்ட்ராய்டு போனை ரீசெட் செய்யுமுன் கூகுள் கணக்கை நீக்குங்கள். இல்லாவிட்டால் வாங்கியவரிடம் உங்கள் பழைய கணக்கையோ லாக்கையோ கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும். பாடப்புத்தகத்துக்கு வகுப்போடு பதிப்பு ஆண்டும் போடுங்கள். தமிழ்நாட்டில் 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் பாடத்திட்டம் மாறியது. அதற்கு முந்தைய புத்தகம் பள்ளிக்கு ஆகாது.

யாருக்குக் கொடுப்பது? முதலில் கை தூக்கியவருக்கே என்று வைத்தால், எந்நேரமும் போனைப் பார்த்திருப்பவருக்கே எல்லாம் போகும், அதில் மறுவிற்பனை செய்பவரும் இருப்பார். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குப் பதிவைப் பார்க்கும் அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்காது. 2013இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் தொடங்கிய, அக்கம்பக்கத்தார் பொருளைச் சும்மா கொடுத்து வாங்கும் 'பை நத்திங்' குழுக்களில் ஒரு நாளாவது பொறுத்திருந்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் உண்டு. அது நியாயமான முறை. அடுத்ததாக இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் வருகிறேன் என்றவர் வராமல் போவது சகஜம்.

வண்டி வருமுன் வாட்ச்மேனிடம் பொருள் வெளியே போகும் என்று சொல்லி, கேட் பாஸும் எழுதிவிடுங்கள். போனதும் பதிவில் 'கொடுத்தாச்சு' என்று போட்டு, வீட்டு முகவரியை அழித்துவிடுங்கள்.