மறு: டோனோஜெனிசிஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

> தொனிப்பிறப்பு என்றே வைத்துவிடலாமே. பார்த்தவுடன் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. நம் இலக்கணத்தில் ‘பிறப்பு’ என்றால் மூச்சுக்காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் மூக்கிலும் பட்டு எழுத்தாக வெளிவருவது. நன்னூல் படித்தவர் இந்தச் சொல்லைப் பார்த்தால், தொண்டை தொனியை எப்படி எழுப்புகிறது என்று விளக்கப்போகிறோம் என்றுதான் நினைப்பார். நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு: தொனியே இல்லாதிருந்த மொழி காலப்போக்கில் தொனிமொழி (குரலின் உயர்வு தாழ்வாலேயே சொல்லின் பொருள் மாறும் மொழி) ஆகிவிடுவதற்கு.

பக்கத்திலேயே பஞ்சாபி இருக்கிறது. குதிரைக்கு இந்தியில் ‘கோடா’, முதலெழுத்து நாலாவது க (gha). பஞ்சாபிக்காரர் வாயில் அந்த நாலாவது க முதல் க (ka) ஆகிவிட்டது. போன ஒலியின் தடமாக, பின்வரும் உயிரில் குரல் தாழ்கிறது. அதே சொல்லைச் சமக்குரலில் சொன்னால் சவுக்கு, உயர்த்திச் சொன்னால் தொழுநோயாளி. பஞ்சாபியின் எழுத்தான குர்முகியில் குதிரைக்கு இன்னும் பழைய நாலாவது க-வைத்தான் எழுதுகிறார்கள். (தமிழில் எழுதினால் மூன்றும் ‘கோடா’தான். இந்த எழுத்தை வைத்துக்கொண்டு நாம் இதை விவாதிப்பதே வேடிக்கை.)

இதில் மந்திரம் எதுவுமில்லை. ‘ஐயோ பாவம்’ என்பதில் வரும் பாவத்தையும், பரதநாட்டியத்தில் வரும் பாவத்தையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் குரல் தொடங்கும் இடம் ஒரு நூலளவு தாழும். அதிர்வொலி மெய்கள் (b, g போலக் குரல்வளை அதிர எழுபவை) அப்படித்தான் இழுக்கும். நமக்கு அது வெறும் உபரி. மெய்களின் வேறுபாடு மங்கும் மொழியில் அந்த உபரியே பொருளைப் பிரிக்கும் வேலையை எடுத்துக்கொள்கிறது. சியோலில் இளையவர்களின் கொரிய மொழியில் இப்போதே இது நடந்துகொண்டிருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘தொனியாக்கம்’ என்றால் யாரோ குழு போட்டு ஆக்கியது போல் இருக்கிறது. ‘தொனியேற்றம்’ இன்னும் மோசம், ஏறுதொனியோடு குழம்பும். நான் முன்வைப்பது தொனிமுளைப்பு.

காரணம் வியட்நாமியம். தொனிகள் இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, 1912இல் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி மாஸ்பெரோ அதைத் தாய்லாந்து மொழி அடங்கிய தாய் (Tai) குடும்பத்தின் பக்கம் சேர்த்தார். 1954இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் அந்த்ரே ஓத்ரிகூர் அந்த வாதத்தைத் தலைகீழாக்கினார்: தொனி பிறகு வந்தது, உறவு கம்போடியாவின் கெமர் அடங்கிய மோன்-கெமர் மொழிகளோடுதான். மூக்குக்குக் கெமர் மொழியில் ‘ச்ரமுஹ்’, வியட்நாமியத்தில் ‘முய்’. கடைசி ஹகரம் போன இடத்தில் ஒரு தொனி. சொல்லிறுதியில் குரல்வளை அடைப்பொலி இருந்து மறைந்த சொற்களில் இன்னொன்று. இரண்டும் இல்லாதவற்றில் மூன்றாவது. அப்புறம் சொல் முதலில் இருந்த அதிர்வொலிகள் அதிர்வை இழக்க, மூன்றும் இரண்டிரண்டாகப் பிரிந்து ஆறாயின.

ஆக, இரண்டு கட்டங்கள், இரண்டு சொற்கள் வேண்டும். முதலாவது முளைப்பு என்றால் இரண்டாவது தொனிக்கிளைப்பு என்று தானாக வந்து விழுகிறது. ‘பிறப்பு’ என்று வைத்தால் அடுத்ததற்கு எங்கே போவது?

> தொனி வடசொல்லாயிற்றே. எடுத்தல், படுத்தல், நலிதல் என்று நன்னூலிலேயே இருக்கிறதே?

இருக்கிறது அக்கா, நல்ல சொற்கள். ஆனால் அவை ஓசையின் வகைகள்: உயர்ந்தது, தாழ்ந்தது, இடைப்பட்டது. மூன்றையும் சேர்த்துச் சொல்ல ஒரு பொதுப்பெயர் வேண்டுமே. ‘எடுத்தல் முளைப்பு’ என்று எழுதினால் படிப்பவர் பாவம் (முதல் பாவம்). தனித்தனித் தொனிகளுக்குப் பெயர் வைக்கும்போது எடுப்பொலி, படுப்பொலி என்று தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ‘கோபத் தொனியில் பேசினார்’ என்கிற வழக்கு குறுக்கே வருவது உண்மைதான், அதைக் கட்டுரையின் முதல் பத்தியில் ஒரு வரியில் தெளிவாக்கிவிட்டால் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் பெரும்பாலானவை தொனிமொழிகள், ஆனால் அவற்றில் ஒன்றான சுவாகிலி தொனியை இழந்துவிட்டது. அதற்குத் ‘தொனியுதிர்வு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘இழப்பு’ போதும் என்பவர்கள் சொல்லுங்கள், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.