"டேங்குக்கு 4 கிராம்" என்றால் எந்த டேங்க்?

மேழிக்காரர்:
இந்த மன்றத்தின் மக்காச்சோள விவாத இழையில் கரிசல்மணி நேற்று எழுதியதைப் படித்த பிறகு பேசாமல் போக முடியவில்லை. வேளாண் அலுவலரைத் தேடிப் போகும் காலம் முடிந்துவிட்டதாம். குருத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பத்து நிமிடத்தில் மருந்தின் பெயரும் அளவும் கைக்கு வந்துவிடுமாம். சான்றாக அவர் எடுத்துக்காட்டியது, மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழுவுக்காகக் குழுவில் வந்த ஒரு குரல்பதிவு: "எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி, டேங்குக்கு 4 கிராம்." மருந்து தெளிப்பானின் டேங்க் பல அளவுகளில் உண்டு; நான் கேட்பது ஒன்றுதான். எந்த டேங்க்? 5 எஸ்ஜி என்பது நீரில் கரையும் 5 சதவீதக் குருணை; அதற்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம். பத்து லிட்டர் டேங்குக்கு 4 கிராம் சரி. இன்று பெரம்பலூர்ப் பக்கம் பலர் தோளில் மாட்டுவது 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர், அதற்கு 6.4 கிராம் வேண்டும். அந்தக் குரல்பதிவில் லிட்டர் என்ற சொல்லே வரவில்லை.

கரிசல்மணி:
மேழிக்காரர் அண்ணனுக்கு வணக்கம். அந்தக் குரல்பதிவைக் கேட்டு மருந்தடித்தவன் நான். மூன்று ஏக்கர் மானாவாரி, புரட்டாசியில் விதைத்தது. இருபதாம் நாள் அடித்தேன், புழு நின்றது. 2018-இல் இந்தப் புழு கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம் தென்பட்டு, அதே ஆண்டில் நம் காட்டுக்குள்ளும் நுழைந்தபோது, இது என்ன புழு என்று சொல்ல ஊரில் ஆளில்லை. தலையில் தலைகீழ் ஒய் போல ஒரு கோடும், வால் பக்கத்தில் சதுரமாக நான்கு புள்ளிகளும் இருந்தால் அது படைப்புழு என்று எங்களுக்கு அடையாளம் காட்டியது வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த ஒரு படம்தான். அதையெல்லாம் விட்டுவிட்டு நீங்கள் டேங்கைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

மேழிக்காரர்:
படத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. டேங்க் எத்தனை லிட்டர்?

கரிசல்மணி:
வழக்கமான டேங்க்தான்.

மேழிக்காரர்:
"வழக்கமான டேங்க்" என்ற அளவை எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தீர்கள்? என் கொட்டகையில் மட்டும் மூன்று கிடக்கின்றன: அப்பா காலத்துக் கைத்தெளிப்பான் 10 லிட்டர், பேட்டரியில் ஓடுவது 16, பெட்ரோலில் ஓடும் விசைத்தெளிப்பான் ஒன்று. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 80 கிராம் மருந்து போக வேண்டும். 16 லிட்டர் டேங்கில் 4 கிராம் வீதம் போட்டால், பன்னிரண்டரை டேங்குக்கு 50 கிராம்தான் ஆகிறது. மீதி 30 கிராமை யார் அடிப்பது, குழுவின் அட்மினா?

பழைய வயல் அலுவலர்:
முப்பது ஆண்டுகள் வேளாண்மைத் துறையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். விசைத்தெளிப்பானில் தண்ணீர் குறைவாகப் போகும். ஆனால் ஏக்கருக்குரிய மருந்து குறையக்கூடாது. ஆகையால் அதே பத்து லிட்டர் டேங்காக இருந்தாலும் கைத்தெளிப்பானுக்கு ஓர் அளவு, விசைத்தெளிப்பானுக்கு வேறோர் அளவு. அளவு குறைந்தால் சின்னப் புழு சாகும். குருத்துக்குள் எச்சத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரிய புழு தப்பித்து, அடுத்த தலைமுறைக்கு மருந்தைத் தாங்கும் திறனைக் கொடுத்துவிட்டுப் போகும். இதையெல்லாம் வயலுக்கு நேரில் வருபவர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

கரிசல்மணி:
நேரில் வருபவரா? ஐயா, எங்கள் வரப்பில் ஓர் அலுவலர் கடைசியாகக் கால் வைத்தது எப்போது என்று என் அம்மாவைக் கேட்டால், என் திருமணத்துக்கு முன்பு என்கிறார். என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். நீங்கள் வராத இடத்துக்குத்தான் குரல்பதிவு வந்தது.

பழைய வயல் அலுவலர்:
ஓர் உதவி அலுவலரின் பொறுப்பில் எத்தனை ஊர்கள் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள், தம்பி. ஆள் வராவிட்டாலும் 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையம் 2004 முதல் இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் உழவன் கைப்பேசிச் செயலி 2018-இல் வந்தது. இவற்றில் எதையாவது தொட்டுப் பார்த்தீர்களா? இதற்கும் முன்பு, 1960களில், வானொலியில் கேட்டே தஞ்சாவூர் விவசாயிகள் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பயிரிட்டார்கள். அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் நின்றுவிட்டது.

மேழிக்காரர்:
ஐயா, நீங்களும் திசை மாறுகிறீர்கள். வானொலியில் பேசியவர் ஏக்கருக்கு இத்தனை என்று சொன்னார். "டேங்குக்கு" என்று சொல்லவில்லை. அந்தக் காலத்து மனிதர்களுக்கு இருந்த பொறுப்பு அது.

ஞாயிறு விவசாயி:
நான் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் நான்கு ஏக்கரைக் கவனிப்பவன். யூடியூபில் இதே புழுவுக்கு மணலையும் சுண்ணாம்பையும் 9:1 கலந்து குருத்தில் இடுவதைக் காட்டியிருந்தார்கள். இருபது நிமிடக் காணொளி, மிக அருமையாக இருந்தது. மருந்தே வேண்டாம் என்பது என் கருத்து.

கரிசல்மணி:
நான்கு ஏக்கரில் குருத்து குருத்தாகக் குனிந்து மணல் இடுவது யார், நீங்களா, உங்கள் காணொளியா? ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை குருத்து முடிப்பீர்கள்?

ஞாயிறு விவசாயி:
கிண்டலுக்குப் பதில் சொல்லும் அவசியம் எனக்கு இல்லை. வாரம் முழுவதும் ஊரில் இருப்பவர்கள்தான் டேங்கின் அளவு தெரியாமல் நிற்கிறார்கள்.

மேழிக்காரர்:
முதன்முறையாக ஞாயிறு விவசாயியோடு உடன்படுகிறேன். மணலைப் பற்றி அல்ல, டேங்கைப் பற்றி.

வேம்படியாள்:
நீங்கள் எல்லோரும் குழு, குழு என்கிறீர்கள். எங்கள் ஊர்க் குழுவில் பெண்கள் எத்தனை பேர்? கைப்பேசி வீட்டுக்காரர் சட்டைப்பையில் இருக்கிறது; மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பது நான். அவர் கேட்ட குரல்பதிவு என்னிடம் "நாலு போடு" என்று வந்து சேர்கிறது. நாலு கிராமா, நாலு மூடியா என்று நான்தான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டில் தராசும் இல்லை. 100 கிராம் பொட்டலத்தைப் பிரித்துக் கண்ணால்தான் பங்கு போடுகிறேன்.

மேழிக்காரர்:
பார்த்தீர்களா! கிராம், மூடி, நாலு. அம்மா சொல்வதும் என் கேள்விதான்.

வேம்படியாள்:
நான் சொன்னது உங்கள் கேள்வி அல்ல, அண்ணா. கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் சொன்னேன்.

மேழிக்காரர்:
அதையும் பேசலாம், ஆனால் முதலில் டேங்க்.

கரிசல்மணி:
இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மேழிக்காரர் அண்ணனின் கோபம் டேங்கின் மேல் அல்ல. சென்ற ஆண்டு ஆடியில் அவரை இதே குழுவிலிருந்து அட்மின் நீக்கினார். அன்று தொடங்கிய புகைச்சல் இது. ஆயிரம் பேர் இருக்கும் குழுவில் ஒருவர் குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மேழிக்காரர்:
நீக்கியது உண்மைதான்; காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வளர்ச்சி ஊக்கி என்று லேபிள்கூட ஒழுங்காக இல்லாத ஒரு புட்டியைப் பரிந்துரைத்தபோது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டேன். கேட்ட ஐந்தாவது நிமிடம் வெளியே இருந்தேன். அட்மின்களில் ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார் என்பதையும், குழுவில் வரும் பரிந்துரைகள் எல்லாம் அவர் கடை அலமாரியில் இருப்பதையும் நான் சொல்ல மாட்டேன். குழுவில் இருப்பவர்களுக்கே தெரியும். 16 லிட்டருக்கு 4 கிராம் போட்டவன் புழு சாகாமல் பத்தாம் நாள் இன்னொரு பொட்டலம் வாங்குவான். அது யார் கடையில் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கரிசல்மணி:
நான் இரண்டாவது பொட்டலம் வாங்கவில்லை. ஆகவே என் டேங்க் பத்து லிட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேழிக்காரர்:
"வைத்துக்கொள்ளுங்கள்" என்பதை நான் ஏற்கமாட்டேன். டேங்கைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய வயல் அலுவலர்:
மருந்தைச் சுழற்சி முறையில் மாற்றுவது பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. அடுத்த முறை ஸ்பைனிட்டோரமோ குளோரான்ட்ரானிலிப்ரோலோ...

மேழிக்காரர்:
ஐயா, ஒரு மருந்துக்கே லிட்டர் தெரியாதபோது மூன்று மருந்துக்குக் கணக்குச் சொல்கிறீர்கள்.

கரிசல்மணி:
சரி, உங்கள் தொல்லை தாங்காமல் கொட்டகைக்குப் போய்ப் படமெடுத்துப் போட்டிருக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் இருந்த அளவுக்கோடுகள் வெயிலில் அழிந்துவிட்டன. அதற்கு நான் பொறுப்பல்ல.

மேழிக்காரர்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில் ஓர் 6 தெளிவாகத் தெரிகிறது. அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் மண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு படம் போடுங்கள்.

கரிசல்மணி:
அது கம்பெனியின் தொலைபேசி எண்ணில் உள்ள 6.

மேழிக்காரர்:
அப்படியானால் துடைப்பதில் உங்களுக்கு என்ன தயக்கம்?