துடைச்சா போயிடுச்சுன்னா பூஞ்சை இல்லையாமே!

உப்புக்கல்:
பக்கத்து இழையில புதுப்பெட்டின்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். சுருட்டைக் காயாம வைக்கற மரப்பெட்டியைத் திறந்தா சுருட்டு மேல வெள்ளையா பொடி மாதிரி இருக்கு, உள்ளே இருக்கற ஈரமானி 76 சதவீதம் காட்டுது, என்ன செய்யறதுன்னு. அதுக்கு நம்ம பழம்பெட்டி சார் அருளின பதில்: "கவலை வேண்டாம். இலையின் எண்ணெய் வெளியே வந்து பூத்திருக்கிறது. சுருட்டு முதிர்ந்ததன் அடையாளம். துடைத்தால் போய்விடும். பூஞ்சையாக இருந்தால் துடைத்தாலும் கறை நிற்கும்."

இதுக்கு 14 பேர் விருப்பம் வேற போட்டிருக்காங்க. 76 காட்டுற பெட்டியில வெள்ளையா வந்தா முதல்ல பூஞ்சைன்னுதான் சந்தேகப்படணும். வெள்ளைப் பூஞ்சையும் துடைச்சா போகும், கறையும் விடாது. கறை விடறது பெரும்பாலும் பச்சையும் நீலமும்தான். இதை நம்பி அந்தத் தம்பி இன்னும் ஆறு மாசம் அதே ஈரத்துல வச்சிருந்தா, கடைசியில பெட்டியோட குப்பைக்குத்தான் போகும்.

பழம்பெட்டி:
என் பெயரைச் சொல்லித் தனி இழை தொடங்கும் அளவுக்கு நான் வளர்ந்துவிட்டதில் மகிழ்ச்சி. தம்பி உப்புக்கல், நீங்கள் முதல் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே நான் மூன்று பெட்டிகளை ஓட்டை விழும்வரை பயன்படுத்தியவன். வெள்ளைப் பொடியை எத்தனை முறை பார்த்திருப்பேன்! துடைத்தேன், போய்விட்டது, கறை இல்லை. பற்றவைத்தேன், கடைசிவரை சீராக எரிந்தது. பூஞ்சை பிடித்தது இப்படியா எரியும்?

சாம்பல்தட்டு:
ஓட்டை விழுந்தது பெட்டியிலயா, சுருட்டுலயா சார்? சுருட்டுலன்னா அது புகையிலை வண்டு.

புதுப்பெட்டி:
அண்ணே, அந்தப் புதுப்பெட்டி நான்தான். இப்போ 77 காட்டுது. நான் என்ன செய்யட்டும்?

உப்புக்கல்:
"துடைத்தேன், போய்விட்டது." சரி சார். திரும்ப வந்துச்சா இல்லையா? அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே. பூஞ்சையைத் துடைச்சா மேல இருக்கறதுதான் போகும். வித்து காத்துல இருக்கு, மரத்துல இருக்கு, இலை மடிப்புல இருக்கு. ஈரம் குறையலன்னா கொஞ்ச நாள்ல மறுபடி தலைகாட்டும்.

வித்தியாசம் தெரியணும்னா துணியைத் தூக்காதீங்க, லென்ஸை எடுங்க. நகை பாக்குற 10 மடங்கு லென்ஸ் போதும். இழை இழையா, பஞ்சு மாதிரி தூக்கலா, அங்கங்க திட்டாத் தெரிஞ்சா பூஞ்சை. அப்புறம் எரியற முனையைப் பாருங்க. அங்க உள்ளே இறங்கியிருந்தா துடைக்கவே வேணாம், தூக்கிப் போடுங்க. நீங்க இழுக்கப்போறது அது வழியாத்தான். பெட்டிச் சுவத்தையும் பாருங்க. மரத்துலயும் வெள்ளையா இருக்குன்னா, மரத்துக்குமா புகையிலை எண்ணெய் பூத்துச்சு?

பழம்பெட்டி:
மரம் கசியாது என்று யார் சொன்னது? பெட்டி செய்யும் ஸ்பானிஷ் சிடார் மரம் பிசின் கசியும். பெட்டி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

உப்புக்கல்:
பிசின் ஒட்டும் சார். பொடியாவா உக்காரும்? தொட்டா விரல்ல பிசுபிசுன்னு வரும். வெள்ளைப் பொடியைப் பத்திப் பேசிட்டிருக்கோம்.

பழம்பெட்டி:
வெள்ளைப் பொடியைத்தான் துடைத்தேன் என்கிறேன். போய்விட்டது.

வாசகன்2:
ஒரு சந்தேகம். ரெண்டு பேரும் எதால துடைச்சீங்க? உலர்ந்த துணியா, ஈரத் துணியா, பிரஷ்ஷா? கறைன்னா இலையில நிக்கறதா, துணியில ஒட்டறதா? அதைச் சொன்னா பாதிச் சண்டை குறையும்.

சாம்பல்தட்டு:
எங்க வீட்டுல துடைக்கறதே இல்லை. அதனால எனக்கு எந்தக் கட்சியும் இல்லை.

நீலப்புகை:
உப்புக்கல் சார் லென்ஸ் பாடம் எடுக்கறதைப் பாத்தா சிரிப்பு வருது. போன வருஷம் வண்டு இழையில, வண்டு சாக சுருட்டை ஃப்ரீசர்ல வைக்கச் சொல்லி இவர் யோசனை சொன்னார், ஞாபகம் இருக்கா? அதைக் கேட்டு வச்சேன். வெளியே எடுத்ததும் 11 சுருட்டுல மேல் இலை வெடிச்சுப் போச்சு. முத்து முத்தா தண்ணி கோத்து, நமுத்துப்போய், தொட்டா ரப்பர் மாதிரி. அந்த 11 சுருட்டுக்கு இன்னும் ஒரு மன்னிப்பு வரலை.

உப்புக்கல்:
அந்த இழை இன்னும் இருக்கு, போய்ப் படிங்க. காத்துப் புகாத பையில போட்டு மூடணும்னு எழுதியிருந்தேன். -18 டிகிரியில மூணு நாள், அப்புறம் ஃப்ரிட்ஜ்ல ஒரு நாள், அப்புறம் பையைத் திறக்காமலே அறையில வச்சு சூடு சமமாகணும்னு எழுதியிருந்தேன். நீங்க பையே போடலை. ஃப்ரீசர்ல இருந்து நேரா மேஜைக்கு எடுத்தீங்க. குளிர்ந்த பொருள் மேல சூடான காத்து பட்டா தண்ணி கோக்கும். ஐஸ் தண்ணி டம்ளர் வேர்க்கறதைப் பார்த்ததே இல்லையா? உங்க 11 சுருட்டு என் கணக்குல வராது.

நீலப்புகை:
"பை" இருந்துச்சு. "காத்துப் புகாத"ங்கற வார்த்தை அப்போ இல்லை. பின்னாடி திருத்திச் சேர்த்தீங்க.

உப்புக்கல்:
நான் எதையும் திருத்தலை. சரி, அதை விடுங்க. வெள்ளைப் பூஞ்சை துடைச்சா போகுமா போகாதா? அதுக்குப் பதில் சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
இந்த 76, 77ஐ ரெண்டு தரப்பும் வேதவாக்கா எடுத்துக்கிட்டது எப்படி? ஈரமானியை யாராவது சோதிச்சாங்களா? முள் வச்ச ஈரமானி நிறைய தப்பு காட்டும். பாட்டில் மூடியில சமையல் உப்பு போட்டு, சில சொட்டு தண்ணி விட்டு, கரையாம ஈரமணல் பதத்துல வச்சு, ஈரமானியோட சேர்த்து ஒரு பையில மூடிடணும். 8 மணி நேரத்துக்கு மேல விட்டுப் பார்த்தா 75 காட்டணும். 81 காட்டினா உங்க மானி 6 கூட்டிச் சொல்லுது, அப்போ தம்பியோட 77 உண்மையில 71. அதுக்குப் போய் இவ்வளவு கூச்சலா?

சாம்பல்தட்டு:
உப்புக்கல் இழையில உப்புச் சோதனை. பேர் வச்சது வீண் போகலை.

உப்புக்கல்:
உப்புச் சோதனையை இந்தக் களத்துல முதல்ல எழுதினதே நான்தான் கணக்குப்பிள்ளை சார். அப்போ நீங்க உறுப்பினரே இல்லை. 71ன்னே வச்சுக்கங்க, அறை எத்தனை டிகிரி? "70க்கு 70"னு எல்லாரும் ஒப்பிக்கிறாங்களே, அதுல முதல் 70 ஈரம், ரெண்டாவது 70 ஃபாரன்ஹீட் சூடு, அதாவது 21 டிகிரி செல்சியஸ். 30 டிகிரி அறையில வச்சுக்கிட்டு 70 சதவீதம் சரியா இருக்குன்னு நிம்மதியாத் தூங்குறவங்கதான் அதிகம்.

கணக்குப்பிள்ளை:
இலை எவ்வளவு ஈரம் பிடிக்கும்ங்கறது பெரும்பாலும் சார்பு ஈரப்பதத்தை, அதாவது ஈரமானி காட்டுற சதவீதத்தைப் பொறுத்தது. சூடு கூடினா மட்டும் இலை ஊறிடாது.

உப்புக்கல்:
சூடு கூடினா காத்து கூடுதல் தண்ணியைத் தாங்கும்ங்கறது பள்ளிக்கூடப் பாடம். 21 டிகிரியில 70 சதவீதம்னா ஒரு கன மீட்டருக்கு சுமார் 13 கிராம், 30 டிகிரியில 21 கிராம்.

கணக்குப்பிள்ளை:
காத்துல எத்தனை கிராம்னு நான் கேக்கலையே. இலையில எத்தனைன்னுதான் கேட்டேன். ஆனா அந்த 21 கிராமால வேற ஆபத்து இருக்கு. 30 டிகிரி, 70 சதவீதம் உள்ள காத்து 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணியா இறங்க ஆரம்பிச்சிடும். பகல்ல சூடான அறை, ராத்திரி ஏசி. இப்படி இருந்தா முதல்ல குளிர்றது பெட்டியோட மூடியும் சுவரும். அங்கதான் ஈரம் உக்காரும், அங்கதான் பூஞ்சை முதல்ல பிடிக்கும். பெட்டியை ஏசி காத்து நேரா அடிக்கற இடத்துலயும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காம இருந்தாலே பாதித் தொல்லை இல்லை.

புதுப்பெட்டி:
என் பெட்டி ஏசிக்கு நேர் கீழேதான் இருக்கு. நகர்த்தட்டுமா? அப்படியே துடைக்கறதா வேணாமான்னும் சொல்லுங்க.

பழம்பெட்டி:
துடையுங்கள் தம்பி. போய்விடும். பிறகு பெட்டியின் உட்புறத்தை ஈர ஸ்பாஞ்சால் நன்றாக ஒற்றி எடுங்கள். மரம் தாகமாக இருந்தால் சுருட்டின் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

உப்புக்கல்:
ஐயோ! ஏற்கனவே 77 காட்டுற பெட்டிக்குள்ள ஈர ஸ்பாஞ்சா? தம்பி, தயவுசெஞ்சு செய்யாதீங்க. மரத்தை நேராத் தண்ணியால நனைச்சா நரம்பு எழும்பும், பலகை வளையும், மூடி சரியா உக்காராது. மூடி இறுக்கமா இல்லைன்னா அப்புறம் எந்த எண்ணும் நிக்காது. புதுப் பெட்டியைப் பதப்படுத்தணும்னா காலிப் பெட்டிக்குள்ள, ஈரத்தைக் குறிச்ச அளவுல நிறுத்தற போவேடா பொட்டலம், 84 சதவீதம் போட்டது, வச்சு 14 நாள் மூடி வைங்க. அதுவும் காய்ஞ்ச பெட்டிக்கு மட்டும். உங்க பெட்டி குடிச்சுட்டுத் தள்ளாடுது.

தண்ணியிலயும் ஒரு சமாச்சாரம் இருக்கு. பெட்டிக்குள்ள ஈரத்துக்கு வைக்கற ஸ்பாஞ்சுல பழம்பெட்டி சார் குழாய்த் தண்ணியை ஊத்துறவர்னு அவரே பழைய இழையில எழுதியிருக்கார். குழாய்த் தண்ணியில இருக்கற உப்பு ஸ்பாஞ்சுல படியும். காய்ச்சி வடிச்ச தண்ணிதான் ஊத்தணும். சார் துடைச்ச "எண்ணெய்" எதுன்னு எனக்கு அப்பவே சந்தேகம்.

பழம்பெட்டி:
பழைய இழைகளைக் கிளறுவதில் உங்களுக்கு இருக்கும் ஆர்வம் சுருட்டில் இருந்திருக்கலாம். நான் மீண்டும் சொல்கிறேன். துடைத்தேன். போய்விட்டது. கறை இல்லை.

வாசகன்2:
எதால துடைச்சீங்கன்னு கேட்டிருந்தேன்.

இலைச்சருகு:
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். ஸ்பானிஷ் சிடார்னு ஆளாளுக்குச் சொல்றீங்க. அது ஸ்பெயின் மரமும் இல்லை, சிடாரும் இல்லை. மத்திய, தென் அமெரிக்காவுல வளர்றது. மகோகனியோட குடும்பம், அதாவது நம்ம வேம்புக் குடும்பம். தேவதாரு வேற.

சாம்பல்தட்டு:
அப்போ வேப்பமரத்துல பெட்டி செஞ்சா பூஞ்சையும் வராது, வண்டும் வராது. சுருட்டு மட்டும் கசக்கும்.

இலைச்சருகு:
கிண்டல் வேணாம். பெட்டி மரத்தோட வாசனை இலைக்கு ஏறும்ங்கறது உண்மை.

நீலப்புகை:
வேப்பம்பெட்டியை ஃப்ரீசர்ல வைக்கலாமான்னு உப்புக்கல் சாரைக் கேளுங்க. பையைப் பத்திப் பின்னாடி திருத்திக்குவார்.

மட்டுறுத்துநர்:
தனிமனிதத் தாக்குதலைத் தவிர்க்கவும். தலைப்பு: ஈரத்தால் சுருட்டு கெடாமல் பாதுகாப்பது.

உப்புக்கல்:
தலைப்பைத்தான் ஆரம்பத்துல இருந்து நான் ஒருத்தன் பேசிட்டிருக்கேன். ஈரம் ஏறின சுருட்டு எப்படி இருக்கும்னு இங்க எத்தனை பேருக்குத் தெரியும்? அமுக்கினா பஞ்சு மாதிரி உள்ளே போகும். இழுத்தா காத்து வராது. பத்து தடவை அணையும், ஒரு பக்கமா எரியும், வாயில புளிப்பும் கசப்பும் நிக்கும். உள்ள இருக்கற இலை ஊதி, மேல் இலை எரியற முனையில பிளக்கும். இதெல்லாம் 70க்கு மேலயே தொடங்கிடும். நான் 65லதான் வைக்கிறேன், எனக்கு ஒரு தடவைகூட வெள்ளைப் பொடி வந்ததில்லை. அது முதிர்ச்சியோட அடையாளம்னா, ஆறு வருஷமா வச்சிருக்கற சுருட்டுல ஏன் வரலை? 76ல மட்டும் ஏன் முதிர்ச்சி பொங்குது?

பழம்பெட்டி:
65ல் வைத்தால் எண்ணெய் வெளியே வராது. காய்ந்த சருகில் எது பூக்கும்? நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

உப்புக்கல்:
நான் எதை ஒப்புக்கிட்டேன்?!

கணக்குப்பிள்ளை:
65ஆ? உங்க மானியை உப்புல வச்சுப் பார்த்தீங்களா?

உப்புக்கல்:
அதை எழுதினதே நான்தான்னு சொன்னேன்ல!

கணக்குப்பிள்ளை:
எழுதினீங்க. வச்சுப் பார்த்தீங்களான்னு கேட்டேன்.

புதுப்பெட்டி:
மூணு நாள் ஆச்சு அண்ணே. பெட்டியை நகர்த்திட்டேன். ஸ்பாஞ்சையும் எடுத்துட்டு 65 பொட்டலம் ரெண்டு வச்சேன், இப்போ 70 காட்டுது. பழம்பெட்டி ஐயா சொன்னபடி எல்லாத்தையும் துடைச்சேன், போயிடுச்சு. ஆனா ரெண்டு சுருட்டுல முனைப்பக்கம் மறுபடி லேசா வெள்ளையா இருக்கு.

உப்புக்கல்:
பாத்தீங்களா? பாத்தீங்களா!

பழம்பெட்டி:
தம்பியே சொல்லிவிட்டார், துடைத்தேன், போயிடுச்சு என்று. இது இரண்டாவது பூப்பு. நல்ல இலைக்கு இரண்டு முறை வரும்.

உப்புக்கல்:
இரண்டாவது பூப்பா! தம்பி, அந்த ரெண்டையும் உடனே தனியா எடுங்க, மத்ததோட வைக்காதீங்க. லென்ஸ்ல பார்த்து இழை தெரியுதான்னு சொல்லுங்க. முனையிலன்னா தூக்கிப் போடுங்க. பழம்பெட்டி சார், 14 பேர் விருப்பம் போட்ட அந்தப் பதிலை நீக்குவீங்களா மாட்டீங்களா?

பழம்பெட்டி:
இப்போது 16.

நீலப்புகை:
17. இப்பத்தான் போட்டேன்.

புதுப்பெட்டி:
லென்ஸ் இல்லை அண்ணே. ஒண்ணைப் பத்த வச்சுப் பார்த்துட்டேன். நல்லாத்தான் எரிஞ்சுது.

வாசகன்2:
தம்பி, நீங்களாவது சொல்லுங்க. எதால துடைச்சீங்க?