புதுப்பிப்பு: ஒயின் நிறப் பிறவி மச்சத்துக்கு லேசர்

ஒரு முறை லேசர் அடித்த பிறகு அடுத்த முறைக்கு இடைவெளி 4 வாரம் என்று முன்பு எழுதியிருந்தேன். நம் மாநிறத்துக்கு 6 முதல் 8 வாரம் விடுவதே நல்லது. இதற்குப் பயன்படும் 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர் ஒளியை மச்சத்திலுள்ள ரத்தம் மட்டுமல்ல, தோலுக்கு நிறம் தரும் மெலனினும் உறிஞ்சும். வெயிலில் கறுத்த தோலில் அடித்தால் கொப்புளம், பிறகு நிறத் திட்டு வரலாம். கறுப்பு குறையும்வரை தள்ளிப்போடுங்கள்.

அடித்த இடம் கருநீலமாவது தீக்காயம் அல்ல. 7–14 நாளில் மறையும். துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம் போதும். கொப்புளத்தைக் கிள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சேலம் வெயிலுக்குப் பயந்து பிள்ளையை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று சிலர் கேட்டீர்கள். குளிர்தான் அதிகம்; சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் கீழேயைவிடக் கூடுதல். தொப்பியும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனும் அங்கேயும் வேண்டும். ஆறு மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்கு நிழலும் துணியுமே.