உச்சியில் ஓட்டை உள்ள லிம்பெட்: இயற்கையானதா, தேய்ந்து விழுந்ததா?

கேள்வி:
என்னிடம் ஒரு புதைபடிவ ஓடு இருக்கிறது. 2 செ.மீ. நீளம், குல்லாய் வடிவம், உச்சியில் நீள்வட்டமாக ஒரு ஓட்டை. சாவித்துளை லிம்பெட் (லிம்பெட் என்பது குல்லாய் போன்ற ஓடுள்ள கடல் நத்தை; இந்த வகைக்கு உச்சியில் இயற்கையாகவே துளை உண்டு) கிடைத்துவிட்டது என்று நினைத்தேன், ஆனால் சாதாரண லிம்பெட்டின் உச்சி தேய்ந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். எப்படிப் பிரித்து அறிவது? உள்பக்கம் முழுக்கக் கல் அடைத்திருக்கிறது.

பதில் 1:
உள்பக்கத்தைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். இயற்கையான துளை என்றால் அதைச் சுற்றி உள்ளே தடித்த வளையம் ஒன்று இருக்கும், அந்த உயிரே சுண்ணாம்பு பூசிக் கட்டியது. செவுள்களைக் கடந்த நீரும் கழிவும் வெளியேறும் வழி அது. தேய்ந்து விழுந்த ஓட்டையில் இந்த வளையம் இருக்காது, ஓட்டின் அடுக்குகள் படிப்படியாக வெட்டுப்பட்டுத் தெரியும். வேட்டையாடும் நத்தை துளைத்திருந்தால் பெரும்பாலும் சீரான சிறு வட்டமாக இருக்கும், உச்சியில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

பதில் 2:
வளையம் இருந்தால் அதன் பின்புற விளிம்பைக் கவனியுங்கள், பேரினம் பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும். நேராக வெட்டினாற்போல் இருந்து ஒட்டினாற்போல் ஒரு சிறு குழியும் இருந்தால் டயோடோரா. வளைந்தே போனால் ஃபிஸ்ஸுரெல்லா பக்கம் பாருங்கள். துளை உச்சிக்குச் சற்று முன்னால் இருந்து உள்ளே சிறு தடுப்பும் தெரிந்தால் பங்க்சரெல்லா. துளையே இல்லாமல் முன் விளிம்பில் பிளவு மட்டும் என்றால் எமார்ஜினுலா. முன்பக்கம் எது என்று குழம்பினால் தசைத் தழும்பை, அதாவது ஓட்டின் உள்ளே தசை ஒட்டியிருந்த தடத்தைத் தேடுங்கள், குதிரை லாடம் போல் இருக்கும், அதன் திறந்த பக்கம்தான் தலை.

பதில் 3:
தயவுசெய்து வினிகரில் மட்டும் போடாதீர்கள்! கல்லோடு ஓடும் கரைந்துவிடும். ஈரப்படுத்தி, ஊசியால் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள், வளையத்தை நெருங்கும்போது பூதக்கண்ணாடி கட்டாயம்.

கேட்டவர்:
மூன்று மாலை உட்கார்ந்து சுரண்டினேன். வளையம் இருக்கிறது! பின்விளிம்பு நேராக, குழியோடு. வெளியே ஆரை வரிகளும் குறுக்கு வரிகளும் பின்னி வலை போல் இருக்கின்றன.

பதில் 2:
அப்படியென்றால் டயோடோராதான் என்பேன். இனம் வரை போக வேண்டுமானால் எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது என்பதும் வேண்டும், அப்புறம் பக்கவாட்டுப் படம் ஒன்றும் போடுங்கள்.