லாக் ஷீட்டில் எல்லா மணிக்கும் 62 டிகிரி, ஆனாலும் பேரிங் போய்விட்டது: உதவி தேவை

கேள்வி: புது மெயின்டனன்ஸ்

வணக்கம். எங்கள் பாய்லர் ஃபீட் பம்பில் (பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப்) எட்டு மாதத்துக்குள் இரண்டாவது முறையாக பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) போய்விட்டது. காரணம் தேட, ஆபரேட்டர்கள் மணிக்கு மணி ரீடிங் எழுதும் லாக் ஷீட்டை, மூன்று வாரத்துக்கு, எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேரிங் வெப்பநிலை இரவு 10 மணிக்கு 62. பேரிங் கிரீச்சிட்டுக்கொண்டிருந்த விடியற்காலையிலும் அதே 62. கையெழுத்து மட்டும்தான் மாறுகிறது. போன முறை பேரிங் மாற்றியதற்கு ஒரே வரி: "பம்ப் பார்க்கப்பட்டது, சரி." ஆபரேட்டர்கள் பம்ப் பக்கமே போகாமல் எழுதுகிறார்கள் என்று மேலே சொல்லிவிடலாமா?

பதில்: ஷிப்ட் இன்சார்ஜ்

அவசரப்படாதீர்கள். பம்ப் ஆறியிருக்கும்போது, பேரிங் வெப்பநிலையைக் காட்டும் அந்த கேஜை நேரில் போய்ப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

புது மெயின்டனன்ஸ்

பார்த்தேன் சார். பம்ப் நின்று இரண்டு நாளாகிறது, முள் இன்னும் 62-இல்தான் நிற்கிறது. கண்ணாடியைத் தட்டினாலும் அசையவில்லை. அவர்கள் கண்ணில் பட்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள். மேலே சொல்லியிருந்தால் பெரிய தவறு செய்திருப்பேன்.

ஷிப்ட் இன்சார்ஜ்

லோடு ஏறி இறங்குகிறது, பகலும் இரவும் மாறுகிறது, ரீடிங் மட்டும் மாறவில்லை என்றால் அதுவே எச்சரிக்கைதான். ஆனால் ஷீட்டை வாங்கி அடுக்கி வைப்பவர் அதைப் படிக்க வேண்டுமே! தினமும் ஒருவர் படித்துக் கையெழுத்துப் போடட்டும். ஒவ்வொரு ரீடிங்குக்கும் மேலேயே சாதாரண வரம்பை அச்சடித்துவிடுங்கள். கேஜ் பழுது என்றால் எண் வேண்டாம், "கேஜ் பழுது" என்றே எழுதச் சொல்லுங்கள். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கக் கையெழுத்து. வெள்ளை மை கூடவே கூடாது.

பதில்: பம்ப் ஃபிட்டர்

அந்த "சரி" என்ற வார்த்தைதான் எனக்கு வலிக்கிறது. கழற்றியபோது என்ன நிலையில் இருந்தது, போட்ட பேரிங்கின் மாடல் எண் முழுதாக, அலைன்மென்ட் ரீடிங் (பம்ப் தண்டும் மோட்டார் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்பது), கிரீஸின் வகை, அளவு எல்லாம் எழுத வேண்டும். 6310 என்று மட்டும் எழுதினால் போதாது. 6310 சி3 என்றால் உள் இடைவெளியே வேறு. கிரீஸ் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: இந்த பேரிங்கின் வெளிவிட்டம் 110 மி.மீ., அகலம் 27 மி.மீ., இரண்டையும் பெருக்கி, வந்ததை 0.005-ஆல் பெருக்கினால் சுமார் 15 கிராம். லித்தியம் கிரீஸ் இருக்கும் இடத்தில் பாலியூரியா கிரீஸை அடித்தால் பல நேரம் இளகி ஓடிவிடும். பழைய பேரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

ஷிப்ட் இன்சார்ஜ்

ஷிப்ட் மாறும்போது பாதியில் நிற்கும் வேலையையும் எழுதாமல் விடாதீர்கள். 1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. ஒரு பம்பின் சேஃப்டி வால்வைக் கழற்றியிருந்த தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஓடிக்கொண்டிருந்த பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். 167 பேர் இறந்தார்கள். எழுதியதோடு நிற்காமல், மெஷின் பக்கத்தில் நின்று வாயாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

புது மெயின்டனன்ஸ்

பழைய பேரிங் இருக்கிறது. கிரீஸ் எண்ணெய் மாதிரி வழிகிறது. ஸ்டோரில் இரண்டு வகை டிரம், கிரீஸ் கன் ஒன்றுதான். போன முறை எதை அடித்தார்கள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கேஜை மாற்றியாயிற்று, வகைக்கு ஒரு கன் கேட்டிருக்கிறேன். இன்று போட்ட பேரிங்குக்கு நானே எழுதினேன்: 6310 சி3, லித்தியம், 15 கிராம்.