குவாண்டம் தகவலியலில் பிஎச்.டி.: இயற்பியல் மாணவிக்கு ஏற்ற வழி எது?

பொருநைக்கரை (கேள்வி)

வணக்கம். நான் எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு மாணவி. குவாண்டம் இயக்கவியல் தாளில் ஹைட்ரஜன் அணுக் கணக்குகளைவிட அளவீடு, பெல் சமனின்மை (தொலைவில் உள்ள துகள்களின் அளவீடுகளுக்கிடையேயான தொடர்புக்குச் சாதாரண இயற்பியல் வைக்கும் வரம்பு) ஆகிய பகுதிகளே என்னை ஈர்த்தன. ஆனால் அவை எங்கள் பாடத்திட்டத்தில் ஓரமாகத்தான் வருகின்றன. குவாண்டம் நிலைகளைக் கொண்டு தகவலைச் சேமிப்பதையும் கணக்கிடுவதையும் அனுப்புவதையும் ஆராயும் குவாண்டம் தகவலியலில் பிஎச்.டி. செய்ய விரும்புகிறேன். இயற்பியல் துறையில் சேர்வதா, கணினி அறிவியல் துறையில் சேர்வதா? நிரலாக்கத்தில் எனக்குப் பெரிய பயிற்சி இல்லை. இப்போதைய ஆரவாரம் அடங்கிய பிறகும் இத்துறையில் வேலை இருக்குமா என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அணிக்கோவை

இது ஒரே துறையின் பெயர்போலத் தோன்றினாலும், உள்ளே மூன்று நான்கு தொழில்கள் இருக்கின்றன. எனவே துறையின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதலில் ஒரு சிறு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். இரு கியூபிட்கள் (குவாண்டம் தகவலின் அடிப்படை அலகுகள்) முழுமையாகப் பிணைந்திருக்கும் பெல் நிலைக்கு அடர்த்தி அணியை (நிலையை விவரிக்கும் அணி) எழுதி, ஒரு கியூபிட்டை விட்டுவிட்டு மற்றொன்றின் நிலையை மட்டும் கண்டால், அலகு அணியில் பாதிதான் கிடைக்கும்: முழுமையைப் பற்றி அறியக்கூடியதெல்லாம் தெரிந்திருந்தும் பகுதியைப் பற்றி ஒன்றும் தெரியாத நிலை அது. அடுத்து, அதே நான்குக்கு நான்கு அணியில் ஒரு கியூபிட்டுக்கு உரிய குறியெண்களை மட்டும் இடம் மாற்றி ஐகன் மதிப்புகளைக் கணக்கிடுங்கள். மூன்று மதிப்புகள் அரை என்றும் ஒன்று எதிர்மறை அரை என்றும் வரும். அந்த எதிர்மறைக் குறிதான் குவாண்டம் பிணைப்புக்கு, அதாவது இரண்டையும் தனித்தனியே விவரிக்க முடியாத தொடர்புக்கு, சான்று. இயற்பியலாளர் பெரஸும் ஹொரடெக்கி குடும்பத்தாரும் 1996இல் முன்வைத்த இந்தச் சோதனையை, ஒளி அலைகள் போன்ற தொடர் மாறிகள் கொண்ட அமைப்புகளுக்கு 2000இல் விரிவாக்கியவர்களுள் ஒருவர் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமன்.

இந்தக் கணக்கு முடிந்ததும் 'அடுத்து மூன்று கியூபிட்டுக்கு என்ன ஆகும்?' என்று கேட்கத் தோன்றினால், நீங்கள் கோட்பாட்டுப் பக்கத்து ஆள். இயற்பியல் துறையே போதும். பிரயாக்ராஜில் உள்ள ஹரிஷ்-சந்திரா ஆய்வு நிறுவனத்திலும் இதற்கென்று வலுவான குழு நெடுங்காலமாக இருக்கிறது. நேரியல் இயற்கணிதத்தில் மட்டும் தயவு தாட்சணியம் பார்க்காமல் உழையுங்கள். ஆய்வுச் சேர்க்கைக்கான ஜெஸ்ட், நெட், கேட் தேர்வுகளை எப்படியும் எழுதத்தான் வேண்டும்.

குளிர்கலன்

மேலே உள்ளவர் தாளும் பேனாவும் போதும் என்கிறார். நான் மீக்கடத்திகளால் (மின்தடையே இல்லாத பொருள்களால்) ஆன கியூபிட்களோடு வேலை செய்தவன்; எங்கள் பிழைப்பு வேறு. சில்லு பத்து இருபது மில்லிகெல்வின் குளிரில் இருக்க வேண்டும். உள்ளே ஒரு கம்பி இணைப்பு தளர்ந்தால், குளிர்விக்கும் கலன் முழுவதையும் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, சரிசெய்து, மறுபடி குளிர்விப்பதற்குள் அந்த வாரமே போய்விடும். ஆய்வு மாணவரின் நேரத்தில் பெரும்பங்கு மைக்ரோஅலைக் கருவிகள், வெற்றிடத்துக்கான குழாய் இணைப்புகள், பைதான் நிரல்கள் ஆகியவற்றில்தான் கழியும். அதில் சலிப்பு வராதவர்களுக்கு, ஆரவாரம் அடங்கினாலும் இந்தக் கைவேலை வேறு இடங்களில் சோறு போடும்.

வீட்டில் கேட்பது நியாயமான கேள்விதான். தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது, ஒதுக்கீடு ரூ. 6,003.65 கோடி, காலவரையறை 2030-31 வரை. சென்னை ஐஐடியில் குவாண்டம் தகவல்தொடர்பு மையமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் குவாண்டம் கணிப்பு மையமும் இதன்கீழ் வருகின்றன. ஆனால் இனிமேல் பிஎச்.டி. சேர்பவர் முடித்து வெளிவரும்போது இந்த இயக்கமும் முடியும் தறுவாயில் இருக்கும். அப்போது என்ன ஆகும் என்று இன்று உறுதி சொல்பவரை நம்பாதீர்கள்.

வழிமுறை

கணினி அறிவியல் துறை என்றால் நிரலாக்கம் என்று எண்ணிக்கொண்டு தயங்க வேண்டாம். பெரிய எண்களைக் காரணிப்படுத்த கணிதவியலர் பீட்டர் ஷோர் 1994இல் குவாண்டம் கணினிக்காகத் தந்த வழிமுறை முழுக்க முழுக்கக் கணிதம்தான்; அதை ஓட்டிப் பார்க்க அன்று கருவியே இல்லை. நிகழ்தகவும் கணிப்புச் சிக்கலியலும் (ஒரு கணக்கைத் தீர்க்க எவ்வளவு நேரமும் நினைவகமும் தேவை என்று ஆராயும் துறை) பிடித்திருந்தால் இந்தப் பக்கம் வரலாம். ஒரு எச்சரிக்கை: அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய மறையாக்கத் தரங்கள் குவாண்டம் கணினியின் தாக்குதலைத் தாங்குவதற்காக உருவானவை என்றாலும், அவை ஓடுவது சாதாரணக் கணினியில். அது தனித்துறை. நேர்முகத் தேர்வில் இரண்டையும் போட்டுக் குழப்பும் மாணவர்கள் நிறையப் பேர்.

பொருநைக்கரை

மூவருக்கும் நன்றி. அணிக்கோவை ஐயா சொன்ன கணக்கைப் போட்டேன், எதிர்மறை அரை வந்தது. மூன்று கியூபிட்டுக்கும் முயன்றேன். எந்தக் கியூபிட்டை மாற்றுவது என்பதிலேயே சிக்கிக்கொண்டேன்.

அணிக்கோவை

சிக்க வேண்டிய இடம் அதுதான். மூன்றையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்துவிட்டு, விடைகளை இங்கே எழுதுங்கள். கோடைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் முன், நீங்கள் அணுக விரும்பும் வழிகாட்டி அண்மையில் ஆர்க்கைவ் (arXiv) என்ற ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் இட்ட இரண்டு கட்டுரைகளின் முன்னுரையையாவது படித்துவிட்டு மின்னஞ்சல் எழுதுங்கள்.